அகணியில் பதினொரு புள்ளிகள்

ஜூன் 4, 2007, திங்கள்

சிவகாசிக்கு வந்து நான்கு நாள். அதற்குள் பதினேழு பேர் கேட்டுவிட்டார்கள், படிப்பு முடிந்ததா என்று. பதினேழு பேருக்கும் ஒரே பதில்தான்: எழுதத்தான் வந்திருக்கிறேன். எழுதுவது என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. பரீட்சை எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அச்சகத்து மாடியில் ஓர் அறையை அப்பா ஒழித்துக் கொடுத்திருக்கிறார். கீழே மெஷின் ஓடினால் என் மேசையும் கூடவே ஓடுகிறது. சுவர் முழுக்கப் பழைய காலண்டர் மாதிரிகள். முருகன், லட்சுமி, கொழுத்த குழந்தைகள், யாரும் போயிராத ஏதோ ஒரு பனிமலை. எல்லோருக்கும் ஒரே ரோஸ் கன்னம். இந்த ஊரில் சாமிக்குக்கூடப் பவுடர் போடாமல் விடமாட்டார்கள்.

அப்பா தனுஷ்கோடி, வருகிற ஏஜென்டுகளிடம் எல்லாம் சொல்கிறார்: "பாப்பா மெட்ராஸ்ல தைராய்டுல ஆராய்ச்சி பண்ணுது." இரண்டு முறை திருத்தினேன். தைராய்டு இல்லைப்பா, தைமஸ், நெஞ்சில் இருப்பது. "ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதான இருக்கு" என்றார்.

ஜூன் 6

இன்று முன்னுரை. சரியாக வருகிறதா என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

தைமஸ், நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இரண்டு மடலாக இருக்கிற சின்ன உறுப்பு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் இளம் செல்கள் இங்கேதான் டி-செல்களாக வளர்கின்றன. வெளிப்பக்கம் புறணி, உள்பக்கம் அகணி. புறணியில் முதல் சோதனை: உடம்பின் அடையாளச் சீட்டைப் படிக்கத் தெரிகிறதா? தெரியாதது அங்கேயே சாகும். தேறிய செல் தன் மேல் சிசிஆர்-7 என்ற ஏற்பியை முளைக்கவைத்துக்கொள்ளும். அகணியிலிருந்து கீமோகைன் என்ற புரதம் கசிந்துகொண்டே இருக்கும். ஏற்பி உள்ள செல் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நகரும். அங்கே இரண்டாவது சோதனை: சொந்த உடம்பையே கடிக்கிற செல்லா? ஆம் என்றால் பெரும்பாலும் சாவுதான். நூறு வந்தால் இரண்டோ மூன்றோ உயிரோடு வெளியே போகும்.

எனக்கு இந்த உறுப்பைப் பிடிக்கும். தகுதியில்லாதவர்களை உட்காரவைத்துக் காபி கொடுக்கிற வழக்கம் அதனிடம் இல்லை.

சிசிஆர்-7ஐ அடைத்துவிட்டால் செல்கள் புறணியிலேயே நிற்கும், அகணி காலியாகக் கிடக்கும். இதுவரை உலகத்துக்கே தெரியும். என் ஆய்வு வழிகாட்டியான சார் 2002இல் எழுதிய கட்டுரைதான் இதில் புதிது. அவர் செய்த ஒரு புரதத் துண்டைச் சேர்த்தால், சிசிஆர்-7 அடைபட்டிருந்தாலும் செல்கள் வேறு ஏதோ ஓர் ஏற்பியின் வழியாக அகணிக்குப் போய்விடும் என்பது அவர் கண்டது. அதற்குச் சாட்சி நான்காம் படம். இடது பக்கம் அடைத்தது, நடுவில் கறுப்பு. வலது பக்கம் அடைத்துப் புரதம் சேர்த்தது, நடுவில் சாயம் ஏறிப் பச்சைப் பசேல் என்று செல்கள். படம் எடுத்தவர் அப்போது சாரிடம் மாணவராக இருந்த ஜெயச்சந்திரன். இப்போது அமெரிக்காவில் இருக்கிறார்.

அந்த வேறு ஏற்பி எது என்று கண்டுபிடிப்பது என் வேலை. அதற்கு முதலில் செல்கள் அகணிக்குப் போய்த் தொலைய வேண்டும். ஐந்து வருடத்தில் எலிக்குட்டிகளின் தைமஸில் அறுபத்தொரு முறை செய்தேன். அறுபது முறை கறுப்பு. "கை வரலை உனக்கு. ஜெயச்சந்திரன் கை வேற" என்பார் சார். ஐம்பத்தெட்டாவது முறை மட்டும், அகணியில் பதினொரு பச்சைப் புள்ளிகள்.

பதினொன்றுதான். ஆனால் பதினொன்று! சார் பார்த்துவிட்டு, "போதும், எழுது" என்றார்.

நான் மதிக்கிற ஒரே மனிதர் அவர். அவர் என்னை மதிக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 9

விருதுநகர்ப் பருப்பு மில்காரர் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் ராஜபாண்டியன். "நீங்க டாக்டர் ஆயிட்டா ஊசி போடுவீகளா?" என்று அவன் அம்மா கேட்டாள். போடுவேன் என்றேன்.

ஜூன் 13

ஆய்வேட்டில் எட்டுப் பக்கம் கலர் படங்கள் வர வேண்டும். நம்ம பிரஸ் இருக்க வெளியில் எதற்கு என்றார் அப்பா. சரி, இந்த ஊரில் பிறந்ததற்கு அது ஒன்றாவது உதவட்டும் என்று சிடியை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

கம்ப்யூட்டர் அறையில் ஊர்க்காவலன் என்று ஒருவன். விஸ்வநத்தத்துக்காரன். முப்பத்து மூன்று வயது, பத்தாவது ஃபெயில். அவன் பெண்டாட்டி வெடிக் கம்பெனியில் திரி சொருகுகிறாள், இவன் இங்கே சாமிக்கு மேக்கப் போடுகிறான். அந்த வேலைக்கு 'டச்சிங்' என்று பெயர். ஸ்கேன் செய்த படத்தில் தூசி எடுப்பது, பல்லை வெளுப்பாக்குவது, மாலையில் பூ குறைந்தால் நிரப்புவது. ஒரு லட்சுமியை மூன்று லட்சுமியாக ஆக்கிக் காட்டினான். ஒன்றை அப்படியே இடவலமாகத் திருப்பிச் சேலை நிறத்தை மாற்றியிருக்கிறான். இன்னொன்றுக்குக் கையில் கிளி.

"மூணு கம்பெனிக்கு மூணு லச்சுமிம்மா. ஒருத்தனும் கண்டுபிடிச்சதில்ல."

இதில் பெருமை வேறு. சுண்டுவிரல் நகத்தை ஓர் அங்குலத்துக்கு வளர்த்து வைத்திருக்கிறான்.

என் படங்களைத் திரையில் போட்டதும், "வாணம் விட்ட மாதிரி இருக்கே, என்னதும்மா?" என்றான். தைமஸ் என்றேன். "சரிம்மா" என்றான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. ஆர்வம் என்ற ஒன்றையே அந்த மண்டையிலிருந்து டச்சிங் செய்து எடுத்துவிட்டார்கள் போல.

ஜூன் 19, செவ்வாய்

ஆத்திரம் தீரவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

இன்று மாதிரித் தாள் வந்தது. ஐம்பத்தெட்டாம் படத்தின் நடுவில் ஒன்றுமே இல்லை. சுத்தமான கறுப்பு. பதினொன்றும் போயிற்று.

கீழே ஓடினேன். "புள்ளியெல்லாம் எங்க?"

"தூசி கிடந்துச்சும்மா. எடுத்துவிட்டுட்டேன்."

"யாரக் கேட்டு எடுத்தே?"

"தூசி எடுக்க யாரக் கேக்கணும்?" உண்மையாகவே புரியாமல் கேட்டான்.

கத்தினேன். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அஞ்சு வருசம்டா, அஞ்சு வருசத்த நகத்தால சொரண்டிட்டியேடா! - இப்படியெல்லாம் நான் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. அப்பா வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, அவன் எடுத்தான்னா அது தூசியாத்தான் இருக்கும். பதினாலு வருசமா எடுக்கான்."

அப்பாவும்! பெற்ற மகளை விட டச்சிங்காரனை நம்புகிற தகப்பன். நல்லவேளை, மூலப்படம் சிடியில் பத்திரமாக இருக்கிறது.

ஜூன் 20

காலையில் மாடி வாசலில் வந்து நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கையில் ஒரு கத்தைத் தாள். என் படங்கள் எல்லாவற்றையும் வெளிச்சத்தை ஏற்றி ஏற்றி எடுத்திருக்கிறான்.

"பாருங்கம்மா. இது நீங்க குடுத்த மூணாம் நம்பரு. இது ஏழு. இது பச்சை, இது செவப்பு. எல்லாத்துலயும் அதே எடத்துல அதே பதினொண்ணு. ஸ்கேனர் கண்ணாடில ஒட்டுன தூசி இப்பிடித்தான் இருக்கும். படம் மாறும், தூசி மாறாது."

"இது ஸ்கேனர்ல எடுத்தது இல்ல. மைக்ராஸ்கோப் கேமரா."

"அப்பக் கேமராவுலம்மா."

போ என்றேன். தாளை வைத்துவிட்டுப் போனான். காலண்டர்க்காரன் எனக்குத் தைமஸ் சொல்லித் தருகிறான்! பத்தாவது ஃபெயில்!

ஜூன் 21

ஸ்லைடே வைக்காமல், விளக்கை அணைத்துவிட்டு எடுத்த வெற்றுப்படம் ஒன்று சிடியில் இருந்தது. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தேன்.

பதினொன்று.

ஜூன் 23

கேமராவுக்குள் இருக்கும் சில்லில் சில புள்ளிகள் கெட்டுப்போனால், எதிரே ஒன்றும் இல்லாவிட்டாலும் எரிந்துகொண்டே இருக்கும். முதலாண்டு மாணவிக்கே தெரிகிற விஷயம். எனக்கும் தெரியும். ஜூனியர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சற்று இளக்காரமாக.

பிறகு ஏன் பார்க்கவில்லை? மற்ற அறுபது படத்திலும் நடுவில் கறுப்பு என்று தெரிந்ததும் மூடி வைத்துவிட்டேன். இந்த ஒன்றில் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டினேன், ஏதாவது தெரியாதா என்று. தெரிந்தது. மற்றவற்றில் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றவில்லையா? தோன்றவிடவில்லையா?

ஊரையே மட்டம் தட்டி எழுதி வைத்திருக்கிறேன் இந்த நோட்டில். முதல் பெயர் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும். சோதனைக்குப் போகாமலே வெளியே வந்துவிட்ட செல் நான்.

ஜூன் 28

சாருக்கு ஃபோன் செய்தேன். ஐம்பத்தெட்டு, கேமராவின் கோளாறு என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. "அதை யார்கிட்டயும் சொல்லிட்டிருக்காதே. ஜெயச்சந்திரனுக்கு வந்தது, உனக்கு வரலை, அது உன் கையோட குறை. அவன் படத்தை முதல்ல போட்டு, உன்னதைப் பக்கத்துல போடு. யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

யாரும் கேட்க மாட்டார்கள் என்பது எப்படி ஒரு பதிலாகும்? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆய்வுக்கூடத்தின் வெள்ளிவிழா மலரை அப்பாவின் அச்சகத்திலேயே அடிக்க வேண்டுமாம். படங்கள் கூரியரில் வருகின்றன. ஐந்து வருடத்தில் அப்பாவின் தொழில் என்ன என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஜூலை 5, வியாழன்

சாரின் சிடி வந்தது. மலரின் அட்டைக்கு நான்காம் படத்தைப் போடச் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். இது மூலப்படம், திரை முழுக்க வந்தது. எத்தனை அழகு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஊர்க்காவலன் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். பிறகு சிரித்தான்.

"யாரும்மா செஞ்சது? நல்ல கை."

"செஞ்சது இல்ல, எடுத்தது."

"இல்லம்மா, செஞ்சது. இந்தா, இடது பக்கத்துப் படத்த அப்பிடியே திருப்பித்தான் வலது பக்கம் போட்டிருக்காக. நம்ம லச்சுமி கணக்கா. நடுவுல இந்தப் பச்சைக் கொத்து, ஏழு புள்ளி, ஒண்ணுக்கு வால் மாதிரி இருக்குல்ல? அது இங்கன இருக்கு, இங்கன இருக்கு, அங்கன ரெண்டு. ஒரே கொத்தையே வச்சு வச்சு நிரப்பிட்டாரு. மாலைக்குப் பூ போடும்போது ஒண்ணொண்ணையும் லேசாத் திருப்பிப் போடணும்மா. இல்லன்னா கண்ணு புடிச்சிரும். மத்தபடி வேல சுத்தம். இங்க வந்தார்னா அண்ணாச்சி வேல குடுப்பாக."

கேலியாகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்காரன் இன்னொரு வேலைக்காரனைப் பாராட்டுகிற குரலில் சொன்னான். நான் மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூலை 6

நம்பக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இரண்டு படத்தையும் தனித்தனி ஃபிலிமாக எடுத்துத் தரச் சொன்னேன். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசையில் இடது பக்கத்து ஃபிலிமை வைத்தேன். வலது பக்கத்து ஃபிலிமைக் கவிழ்த்து அதன் மேல் போட்டேன். விரலால் தள்ளித் தள்ளி ஒரு மூலையைச் சேர்த்தேன்.

புறணி முழுக்க ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. விளிம்பில் இருந்த ஒரு கிழிசல்கூட. இரண்டு வெவ்வேறு எலிக்குட்டிகள் என்று அச்சில் போட்டிருக்கிறது. இரண்டு எலிக்கும் ஒரே இடத்தில் ஒரே கிழிசல்.

அறுபத்தொரு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் ஆறு குட்டிகள். என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போகிற அளவுக்கு ஐஸில் வைத்துப் பழகினேன், ஜெயச்சந்திரன் அப்படித்தான் செய்வார் என்று சார் சொன்னதால். அழுகை வரவில்லை.

ஜூலை 9

சாரிடம் சொன்னேன். ஃபிலிம், கண்ணாடி மேசை, ஏழு புள்ளிக் கொத்து, எல்லாம் வரிசையாகச் சொன்னேன்.

மறுமுனையிலிருந்து அவர் கேட்டது இதுதான்: "இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

எங்கள் பிரஸ்ஸில் படத்தைச் சுத்தம் செய்கிறவர் என்றேன்.

சிரித்தார். "காலண்டர்க்காரன் எனக்குத் தைமஸ் சொல்லித் தரானா?"

ஜூன் 20ஐப் புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய அதே சொற்கள், என் கையெழுத்தில்.

ஜூலை 17

ஜெயச்சந்திரனுக்கு மெயில் அனுப்பியிருந்தேன். இன்று பதில் வந்தது. மூன்றே வரி. "சார் கேட்டார். செய்தேன். நீயும் செய்து கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடு."

அப்படியானால் என்னிடம் இத்தனை வருடம் 'கை வரலை' என்று சொன்னது, இந்தக் கையைத்தானா?

ஆகஸ்ட் 3, வெள்ளி. ஆடிப்பெருக்கு

ஊரிலுள்ள அச்சகங்கள் எல்லாம் அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி, பூஜை போட்டு வெளியிடுகிற நாள். அப்பா பட்டுவேட்டியில் இருந்தார். நூறு ஏஜென்டுகளாவது வந்திருப்பார்கள். எல்லோருக்கும் அல்வாவும் காராச்சேவும். எல்லோரும் வாயில் அல்வாவோடு தேவியைப் புரட்டுகிறார்கள்.

கடைசித் தாள் எங்கள் அச்சகத்தின் சொந்தக் காலண்டர். பத்திரகாளியம்மன் படம், கீழே தங்கநிறப் பட்டையில் வீட்டார் பெயர் வாழ்த்தோடு வரும், வருடா வருடம். இந்த வருடம்: தனுஷ்கோடி, முத்துமாரியம்மாள், முனைவர் ஆர்த்தி.

"டிசம்பர்ல கையில வாங்கிருவேல்ல? அதான் இப்பவே போட்டுட்டேன்" என்றார் அப்பா. ஒவ்வொரு ஏஜென்டிடமும் அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். "தைமஸ்" என்றார். இன்று பார்த்துச் சரியாகச் சொல்கிறார்.

ஆகஸ்ட் 13

சாரிடமிருந்து கடிதம். வழக்கம்போல ஆங்கிலத்தில், வழக்கத்தை விட மரியாதையாக. ஆகஸ்ட் 31க்குள் ஆய்வேடு வர வேண்டும். அதில் நான்காம் படமும் ஐம்பத்தெட்டாம் படமும் இருக்க வேண்டும், புள்ளிகளோடு. இருந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் மாணவியின் திறமையின்மை பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுத வேண்டியிருக்கும்.

அம்மாவிடம் மேலோட்டமாகச் சொன்னேன். நேற்றுத்தான் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனிடம் என் பட்டத்துக்காக ஏதோ நேர்ந்துகொண்டு வந்திருக்கிறாள். "ஒரு கையெழுத்துக்கு இம்புட்டு வீம்பா? பதினோரு புள்ளிதான, வச்சிட்டுப் போ" என்றாள்.

அவள் சொல்வதில் என்ன தப்பு? உலகத்தில் யாருக்கு என் அகணி நிறைந்தால் என்ன, காலியாக இருந்தால் என்ன. சாரின் கட்டுரையை இந்நேரம் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருப்பார்கள்! ஒருவராவது படத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்களா? சோம்பேறிகள். அத்தனை பேரும் சோம்பேறிகள். அந்தச் சோம்பேறிகளுக்காக நான் ஏன் ஐந்து வருடத்தைத் தொலைக்க வேண்டும்?

ஆகஸ்ட் 16

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மத்தியானம், எல்லோரும் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து, கீழே போனேன். ஊர்க்காவலன் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தார். "ஐம்பத்தெட்டாம் படத்துல புள்ளிய திரும்ப வைக்கணும்" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த ஏதோ ஒரு பிள்ளையாரைப் பார்த்துச் சொன்னேன்.

ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். சொல்லிக்காட்டுவார் என்று நினைத்தேன். அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் சட்டியை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். படத்தைத் திறந்தார்.

"எத்தன வேணும்மா?"

நான் பிள்ளையாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பழைய பதினொண்ணா, இல்ல கூட வேணுமா? நூறுன்னாலும் போட்ரலாம். கும்பலாப் போடவா, அங்கன ஒண்ணு இங்கன ஒண்ணா எறைச்ச மாதிரிப் போடவா? சொல்லுங்க, ஒண்ணொண்ணையும் திருப்பியே போட்டுத் தாரேன். அவரு மாதிரி மாட்டிக்கிற மாட்டீக."

அவர் முகத்தில் இளக்காரம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. கிளி வேண்டுமா, தாமரை வேண்டுமா என்று ஆர்டர்காரரிடம் கேட்கிற முகம். எனக்கு ஒரு நல்ல வேலை செய்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை வேண்டும்? அந்தக் கேள்விக்கு நான் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பதினொன்று என்று வாய் வரைக்கும் வந்தது. அறுபத்தொரு முறை எலியின் நெஞ்சைத் திறந்தவள், எத்தனை செல் அகணிக்குப் போயிற்று என்று சொல்ல ஓர் எண்ணைத் தேடிக்கொண்டு நிற்கிறேன்.

"ஒண்ணும் வேண்டாம். நீங்க சாப்பிடுங்க" என்றேன்.

"அப்ப நான் சுத்தம் பண்ணதே இருக்கட்டுமாம்மா?"

இருக்கட்டும் என்றேன். மாடிக்கு வந்து, கதவைச் சாத்தி, இந்த முறை அழுதேன்.

ஆகஸ்ட் 20, திங்கள்

இரண்டு உறை அனுப்பினேன். ஒன்று அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு: இரண்டு ஃபிலிம், எப்படிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று அரைப் பக்கம், ஜெயச்சந்திரனின் மூன்று வரி. இன்னொன்று பல்கலைக்கழகத்துக்கு: வழிகாட்டியை மாற்றக் கோரி.

அப்பாவிடம் முழுவதும் சொன்னேன். நீண்ட நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆல்பம் போயிருச்சே பாப்பா. எல்லாரும் பாத்துட்டாகளே."

அவருக்கு அதுதான் கவலை. திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைப்பதைப் பார்த்து விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தாளு மலரு நம்ம மெஷின்ல ஏறாது" என்றார்.

செப்டம்பர் 24

சார் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார். நான் கவனக்குறைவானவள், ஆய்வுக்கூடத்தின் கேமராவையே சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவள். முதல் வரி உண்மை. அதனால்தான் எரிகிறது.

மூலக்கோப்புகளை அனுப்புமாறு பத்திரிகை அவரிடம் கேட்டிருக்கிறதாம். மழைத் தண்ணீரில் கம்ப்யூட்டர் நனைந்துவிட்டது என்று பதில் சொல்லியிருக்கிறாராம். நல்ல மழை. அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் தேடிப் பிடித்து நனைத்திருக்கிறது.

அக்டோபர் 11

விருதுநகரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், படிப்பு முதலில் முடியட்டும் என்று. ஊசி போட ஆள் தேடிக்கொள்ளட்டும்.

நவம்பர் 8. தீபாவளி

காலை நான்கு மணியிலிருந்து வெடி. இந்த ஊர்க்காரர்கள் வருடம் முழுக்க அதையே செய்து, அதையே முகர்ந்து, இன்றைக்கும் அதையே வாங்கி வெடிக்கிறார்கள். ஊர்க்காவலன் அண்ணன் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. அவர் மனைவி குருவம்மாள் கொண்டுவந்தாள். விரல் நுனியெல்லாம் வெள்ளிப் பொடி, கழுவினாலும் போகாதாம். நன்றாக இருந்தது, மூன்று தின்றேன்.

நவம்பர் 19, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து தாள் வந்துவிட்டது. வழிகாட்டி மாற்றம் சரி. ஆனால் பதிவு புதிது, குறைந்தது இரண்டு வருடம். புதிய வழிகாட்டி ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, "அறுபத்தொன்றின் வெற்றுப்படங்களும் இருக்கிறதா?" இருக்கிறது என்றேன். அவரைப் பற்றி இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. ஜனவரியில் போகிறேன்.

எங்கள் சொந்தக் காலண்டர் இன்று மெஷினுக்குப் போகிறது. அப்பா கம்ப்யூட்டர் அறைப் பக்கமே வரவில்லை. நான் போய், அந்தப் பட்டையைத் திறக்கச் சொன்னேன். எழுத்தையும் பின்னணியையும் ஒன்றாக்கி வைத்திருந்தார் ஊர்க்காவலன் அண்ணன். எழுத்தை மட்டும் தனியே தூக்க முடியாது. பக்கத்திலிருந்து தங்கநிறத்தை எடுத்து எடுத்து மேலே வைத்து மூட வேண்டும். "எந்திரிங்கண்ணே, நான் பண்றேன்" என்றேன். எந்தப் பொத்தான் என்று மட்டும் காட்டினார்.

முனைவர். நான்கு எழுத்து. முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'மு' கடைசியில்தான் போனது.

அவர் குனிந்து பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார்.

"அந்த எடத்துல ஒட்டுத் தெரியுதும்மா. பொம்பளப்பிள்ள பேருக்கு முன்னால என்னமோ இருந்து அழிச்சிருக்குன்னு பாக்கறவுக கண்டுபிடிச்சிருவாக. ரெண்டு நிமிசம் குடுங்க, தடமே இல்லாமப் பண்ணிருதேன்."

"வேண்டாம்ணே. தெரியட்டும்."

அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அறையிலிருந்து இப்படி ஒரு வேலை வெளியே போனதே இல்லை. இருந்தாலும் பிளேட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் மெஷின் ஓட ஆரம்பித்தது. முப்பதாயிரம் தாள்.